தலைகீழாக நட்ட பந்தக்கால்

ஆவுடையின் கல்யாணத்துக்குப் பந்தக்கால் நட்ட அன்று காலையில், தாய்மாமன் சொரிமுத்து கல்யாண முருங்கைக் கம்பைக் கோயில் வாசலிலிருந்து தோளில் வைத்து ஊர்வலமாகக் கொண்டுவந்தார். சும்மா கொண்டுவந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. நாவல்குறிச்சி மேலத்தெரு முக்குத் திரும்பும்போது தவில்காரர் வேண்டுமென்றே ஒரு துள்ளல் அடி அடிக்க, அறுபதைத் தாண்டிய அந்த மனிதர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கம்பைத் தலைக்குமேல் தூக்கிச் சுழற்றி, முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், கக்கத்தில் செருகி, மறுபடி மேலே வீசிப் பிடித்து, தெரு முழுக்க ஆடிக்கொண்டே வந்தார். அவர் ஆடியதில் தப்பில்லை. மூத்த அக்காள் மகளுக்குப் பந்தக்கால் நடுவதற்காக எத்தனையோ வருஷமாகக் காத்திருந்தவர். இதற்கு முன்னால் ஆவுடைக்கு மூன்று கல்யாணம் பேசி மூன்றும் நின்றுபோயின. ஒன்று பல்லி சொன்னதால் நின்றது, ஒன்று மாப்பிள்ளையின் பெரிய தாத்தா அகாலமாகப் போய்ச் சேர்ந்ததால் நின்றது, ஒன்று நிச்சயத்துக்கு வந்த வேனுக்குக் குறுக்கே ஒரு எருமை படுத்துக்கொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டதால் நின்றது. எதுவும் கால் நடும் வரைக்கும் வந்ததில்லை. அதனால் மாமா ஆடினார்.

கம்பின் இரண்டு முனையையும் ஆசாரி ஒரே மாதிரிச் சீவியிருந்தார். இரண்டு முனைக்கும் பெண்கள் மஞ்சள் பூசியிருந்தார்கள். ஆடிய ஆட்டத்தில் அடி எங்கே போயிற்று, நுனி எங்கே வந்தது என்று சொரிமுத்துவுக்கும் தெரியாது, கம்புக்கும் தெரியாது.

ஆவுடைக்கு மட்டும் தெரிந்தது. ஜாக்கெட் தைத்துப் பிழைப்பவள், முப்பத்தைந்து வயசு, மொட்டைமாடியில் பழைய பெயிண்ட் டப்பாக்களில் ரோஜாப் பதியன் வளர்ப்பவள். ஒரு குச்சியைப் பார்த்தால் இலை உதிர்ந்த தழும்பு எது, அந்தத் தழும்புக்குமேல் உட்கார்ந்திருக்கும் முளைக்கண் எது என்று அவள் கண் தானாகத் தேடும். பால் ஊற்றிய குழிக்குள் மாமா கம்பை இறக்கும்போது பார்த்தாள், கண்ணெல்லாம் தழும்புக்குக் கீழே இருந்தது. கம்பு தலைகீழாக இறங்கிக்கொண்டிருந்தது. அவள் வாயைத் திறந்தாள். அதே நேரத்தில் பெண்கள் குலவை போட்டார்கள். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

ஏன் மூடினாள் என்றால், மாப்பிள்ளையின் அம்மா குருவம்மாளை நினைத்து. குருவம்மாள் சகுனம் பார்ப்பதில் அந்த வட்டாரத்துக்கே பேர் போனவர். கடைக்காரர் தும்மினார் என்று முகூர்த்தப்புடவையைப் பாதி விரித்தபடியே போட்டுவிட்டு எழுந்து வந்தவர். நட்ட காலைத் தாலி ஏறும் முன்னால் பிடுங்கி மாற்றி நட்டார்கள் என்று அவர் காதில் விழுந்தால் இந்தக் கல்யாணமும் போச்சு. இந்த மாப்பிள்ளையை மட்டும் ஆவுடைக்கு விட மனசில்லை. தளவாய் மினிபஸ் ஓட்டுகிறவன். மேலத்தெரு வழியாகப் போகும்போதெல்லாம் அவள் தையல் மிஷின் சத்தத்துக்குத் தோதாக ஹாரன் அடிப்பான். மிஷின் நின்றால் பஸ்ஸும் நிற்கும். அதில் வரும் பயணிகளுக்கே இந்த விஷயம் தெரிந்து, ‘தங்கச்சி, கொஞ்சம் மிதிம்மா, நேரமாச்சு’ என்று ஜன்னல் வழியாகக் கெஞ்சுவார்கள். அப்படிப்பட்டவனை ஒரு குச்சிக்காக யாராவது விடுவார்களா? மண்ணை மூடி மிதித்தார்கள், ஆவுடையும் வந்து தன் பங்குக்கு மிதித்தாள்.

மறுநாள் விடியும்போது பந்தக்காலின் உச்சியில் வெள்ளையாக நூல் நூலாக என்னவோ தொங்கியது. அது தொங்கவில்லை, மேலே போய்க்கொண்டிருந்தது. பால் குடிக்கத் தேடும் கன்று முட்டுவதுபோல வெறும் காற்றை முட்டி முட்டி அது மேலே போனது.

“வேருல்லா விட்டிருக்கு!” என்றார் சொரிமுத்து, பெருமை தாங்காமல். “எங் கையி ராசி பாத்தியளா? ஒரு ராத்திரில வேரு விட்டுட்டு.”

“அது சரி, மேலயா விடும்?” என்றாள் ஆவுடையின் அம்மா செல்லக்கனி.

“எங்க விட்டா என்ன, விட்டுச்சா இல்லையா?”

நாவல்குறிச்சிக்காரர்கள் எதற்கும் அசந்து நிற்பவர்கள் இல்லை. வேர் மேலே போகிறதா, போகட்டும், கரண்டுக் கம்பியில் படாமல் போனால் சரி என்று இரண்டு பேர் தொரட்டியை வைத்து ஒதுக்கிவிட்டார்கள். வேர் முதலில் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிகளைத் தடவிப் பார்த்தது, மூடியிருக்கவே ஏமாந்து இன்னும் மேலே ஏறியது, பனைமர உயரம் ஏறி, கோயில் கோபுர உயரம் ஏறி, கடைசியில் தெற்கே போய்க்கொண்டிருந்த ஒரு மேகத்தைத் தொட்டுவிட்டது. தொட்டதும் பிடித்துக்கொண்டது. கட்டுத்தறியில் கட்டிய மாடுபோல அந்த மேகம் மேலத்தெருவின் தலைக்குமேலேயே சுற்றிச் சுற்றி வந்தது. பகலெல்லாம் வேர் அதை உறிஞ்சும் சத்தம் கேட்டது. முதலில் கொஞ்சம் சங்கடமாக இருந்தது, பிறகு அந்தச் சத்தம் இல்லாமல் யாருக்கும் மத்தியானத் தூக்கம் பிடிக்கவில்லை.

வேரின் குணம் தெரிந்துகொண்டது பெண்கள்தான். துவைத்த சேலையை வேர்மேல் போட்டால் போட்ட மாத்திரத்தில் ஈரத்தையெல்லாம் குடித்துவிட்டு மொறுமொறுவென்று திருப்பிக் கொடுத்தது. விஷயம் பரவிக் கீழத்தெரு, தெற்குத்தெரு ஆட்களெல்லாம் துணி மூட்டையோடு வந்து வரிசையில் நின்றார்கள். தலை குளித்துவிட்டு வந்த பெண்கள் கூந்தலை ஒரு தரம் வேரில் ஒற்றிவிட்டுப் போனார்கள். மூக்கொழுகும் குழந்தைகளையும் தூக்கிக் காட்டினார்கள்.

வேர் இப்படியென்றால், பூமிக்குள்ளே போன தலை சும்மா இருக்குமா? கிளை விட்டது, கிளைக்குக் கிளை விட்டது, மூன்று மூன்றாக இலை விட்டது. கீழே வெளிச்சம் கிடையாது. வெளிச்சமில்லாத இலை என்ன பாடுபடும் என்று ஜன்னலுக்குப் பக்கத்தில் தொட்டி வைத்த எல்லோருக்கும் தெரியும். சோகை பிடித்ததுபோல வெளுத்துப்போன இலைகள் வெளிச்சத்தைத் தேடி மேலத்தெரு வீடுகளுக்கு அடியில் அலைந்தன. தரையில் விரிசல் இருந்த வீட்டில் விரிசல் வழியாக, அம்மி கிடந்த வீட்டில் அம்மியைப் புரட்டிவிட்டு, ஒரு வீட்டில் குளியலறைத் தூம்பு வழியாக, எட்டிப் பார்த்தன. பார்த்த இலை, காபி ஆற்றிக் குடிக்கும் நேரத்துக்குள் பச்சையாகிவிடும். அதைப் பறித்து அரிசியோடு அரைத்து அடை சுட்டார்கள். தெரு முழுக்க யாருக்கும் சளியில்லை.

அதற்கப்புறம் பூ வந்தது. அங்கேதான் எல்லோருக்கும் கிறுக்குப் பிடித்தது.

பூ மண்ணுக்குள்ளேயே பூத்தது. ரத்தச் சிவப்பு. சிமெண்டுத் தரை உள்ளிருந்து லேசாகச் சிவந்து, பூசைக்கு முன்னால் காலில் செம்பஞ்சு பூசியவர்கள் நடந்துபோனதுபோல வீடெல்லாம் தெரிந்தது. மொட்டுகள் தரைக்கு அடியில் முட்டும்போது நடப்பவர்களின் உள்ளங்காலில் கூசியது. கூசினால் சிரிக்காமல் என்ன செய்வது? மேலத்தெருவில் கால் வைத்தவர்களெல்லாம் சிரித்தார்கள். சாவுக்குக் கேதம் விசாரிக்க வந்தவர்கள் வெளியே நின்று விசாரித்துவிட்டுப் போனார்கள். தேனீக்கள் எலிவளை வழியாக உள்ளே போய் மகரந்தம் அப்பிய காலோடு திரும்பின. எலிகள் வேறு தெருவுக்குக் குடி போயின. பூவின் தேன் கசிந்து கசிந்து அடிபம்புத் தண்ணீரில் இறங்கியது. டீக்கடைக்காரர் சர்க்கரை வாங்குவதை நிறுத்தினார். அந்தத் தண்ணீரை ஒரு டம்ளர் குடித்தால் லேசாகத் தலை சுற்றும், இரண்டு டம்ளர் குடித்தால் பகையாளி நல்லவனாகத் தெரிவான். நடுச்சுவர்த் தகராறில் பேச்சை விட்ட அண்ணனும் தம்பியும் ஆளுக்கு இரண்டு டம்ளர் குடித்துவிட்டு, அந்தச் சுவர்மேலேயே ஏறி உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தார்கள்.

பள்ளிக்கூடத்து அறிவியல் டீச்சர் எஸ்தர், பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிவந்து, தாவரத்தின் பாகங்கள் பாடத்தைப் பந்தக்காலுக்கு முன்னாலேயே நடத்தினாள். புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். “இப்போ பாருங்க. வேர் நீரை உறிஞ்சுது. தண்டு அதைக் கடத்துது. இலை உணவு தயாரிக்குது. பூ விதையாகுது. பாடம் அப்படியேதான் இருக்கு. நாம நிக்கிறதுதான் மாறிருக்கு” என்றாள். சொல்லி முடிக்கும் முன் மொட்டு ஒன்று கூச, டீச்சர் துள்ளிக் குதித்தாள்.

ஊரே இப்படி மிதந்துகொண்டிருக்க, ஆவுடைக்கு மட்டும் சிரிப்புக்குள்ளே ஒரு முள் நெருடியது. அவளும் சிரித்தாள், கூசுகிற கால் யாரைக் கேட்கும்? ஆனால் தையல் மிஷினில் உட்காரும்போதெல்லாம் மேகத்தை அண்ணாந்து பார்த்து, ‘சொல்லியிருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்கும்’ என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். மினிபஸ் வந்து நின்றது. பஸ் கூரையை வேர்கள் செல்லமாகத் தடவின.

“என்ன, மிஷின் ஓடலை?” என்றான் தளவாய்.

“ஒங்கம்மாவுக்குத் தெரியுமா?”

“இன்னும் தெரியாது. நாளைக்குத் தெரிஞ்சிரும். பந்தலைப் பாக்கணும்னு சொல்லிட்டாவ. நாந்தான் கூட்டிட்டு வாரேன்.”

“என்ன சொல்லுவாவளோ?”

“சொல்லுததுக்கு என்ன இருக்கு, பாத்தாலே தெரியுதே” என்று மேகத்தைக் காட்டிச் சிரித்தான். அடிபம்பில் ஒரு டம்ளர் குடித்துவிட்டு வந்திருந்தான். ஆவுடைக்கு அழுகை வந்தது. அழுதபடியே அவளும் சிரித்தாள், கால் தரையில் இருந்ததால்.

தெருக் கூட்டம் அடிபம்பைச் சுற்றிக் கூடியது. மூன்று கல்யாணம் நின்ற வீடு, நாலாவதும் நின்றால் தெருவுக்கே கேவலம் என்றார்கள். வேருக்கெல்லாம் மாவிலை கட்டிக் கிளைபோல ஆக்கிவிடலாம் என்று சொரிமுத்து ஏணி போட்டு ஏறிக் கட்டினார். கட்டக் கட்ட வேர் இலையிலுள்ள சாரத்தையெல்லாம் உறிஞ்சிச் சருகாக்கி அவர் தலையிலேயே கொட்டியது. அப்போது, இரண்டு டம்ளருக்குமேல் குடித்திருந்த டீக்கடைக்காரர்தான் அந்த யோசனையைச் சொன்னார்.

“ஒண்ணு மட்டும் தலைகீழா இருந்தாத்தானய்யா தப்பாத் தெரியும்? எல்லாத்தையும் தலைகீழா ஆக்கிட்டா? எங்க தெரு வழக்கமே இதுதான்னு சொல்லிருவோம்.”

ஒருவருக்கொருவர் முகத்தைப் பார்த்துக்கொண்டார்கள். இவ்வளவு சுளுவான வழி இத்தனை நேரம் ஏன் தோன்றவில்லை என்றுதான் ஆச்சரியப்பட்டார்கள்.

மறுநாள் காலையில் மேலத்தெருவைப் பார்த்திருக்க வேண்டும். வாசல் வாழைமரங்கள் குலையைக் கீழே ஊன்றிக் கிழங்கை வானத்துக்குக் காட்டிக்கொண்டு நின்றன. மாவிலைத் தோரணம் மேலே விறைத்து நிற்கும்படி ஈர்க்குச்சி வைத்துக் கட்டியிருந்தார்கள். வாசல் மேற்கூரையில் அண்ணாந்து நின்று கோலம் போட்டதில் பெண்களுக்கெல்லாம் கழுத்து பிடித்துக்கொண்டது, கண்ணில் மாவு. நாயனக்காரர் நாயனத்தைத் திருப்பி அகன்ற பக்கத்தில் வாயை வைத்து ஊதிப் பார்த்துவிட்டு, அது மட்டும் நடக்காது என்று சொல்லிவிட்டார்.

மினிபஸ் வந்து நின்றது. குருவம்மாள் இறங்கினார். வலதுகாலை முதலில் வைத்து, காலில் செருப்போடுதான் இறங்கினார். அதனால் கூச்சம் தெரியவில்லை. தோரணத்தைப் பார்த்தார், வாழையைப் பார்த்தார், மேற்கூரைக் கோலத்தைப் பார்த்தார், கடைசியில் பந்தக்காலைப் பார்த்து, வேரோடு வேராகப் பார்வையை ஏற்றி, மேகத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்.

“இதென்ன?” என்றார்.

“எங்க தெரு வழக்கம், சம்பந்தியம்மா” என்றார் சொரிமுத்து. “பரம்பர பரம்பரையா நாங்க இப்படித்தான் நடுவோம். வேரு வானத்துல இருந்தா வம்சம் வானத்த எட்டும்லா.”

“அப்படியா?”

“ஆமாமா” என்றது தெருவே ஒரே குரலில்.

“கோயில்ல மட்டும் நேரா இருக்கு கோபுரம்?”

“அது... அது சாமி எடம்” என்றார் டீக்கடைக்காரர்.

குருவம்மாள் கோபுரத்தையும் பந்தக்காலையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரு டம்ளர் தண்ணீர் நீட்டினார்கள், வேண்டாம் என்றார். நிறைந்த கூட்டத்தில் கோலமாவு அப்பிய முகங்களெல்லாம் தனக்காகப் பொய் சொல்லிக்கொண்டு நிற்பதை ஆவுடை பார்த்தாள். இத்தனை பேர் கழுத்தைப் பிடிக்க வைத்து அப்படி ஒரு கல்யாணம் வேண்டுமா என்று அவளுக்கு இருந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

“வழக்கமெல்லாம் ஒண்ணும் இல்ல அத்த” என்றாள். “மாமா சந்தோசத்துல ஆடுனாவ. ஆடுனதுல கம்பு மாறிப்போச்சு. குழியில எறக்கும்போதே நான் பாத்தேன். பாத்துட்டுச் சொல்லலை.”

சொரிமுத்துவின் முகம் செத்துப்போயிற்று. தன் ஆட்டத்தில்தான் கம்பு மாறிப்போனது என்பது அவருக்கே அப்போதுதான் தெரியும். வேர் தன் கைராசியால் மேலே போகிறதென்றே இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தார்.

“ஏன் சொல்லலை?” என்றார் குருவம்மாள்.

“சொன்னா நீங்க நிறுத்திருவிய. எனக்கு இவுக வேணும்.”

கை நீட்டித் தளவாயைக் காட்டினாள். தளவாய் காட்டப்பட்டதும் என்ன செய்வதென்று தெரியாமல், ஜன்னல் வழியாகக் கையை விட்டு ஹாரனை ஒரு தரம் அமுக்கினான்.

குருவம்மாள் பந்தக்காலை நோக்கி நடந்தார். சாமியைத் தொடுமுன் செருப்பைக் கழற்றும் பழக்கம் அவரையறியாமல் வந்து, பந்தலுக்குள் நுழையும்போது செருப்பைக் கழற்றினார். முதல் அடி வைத்தார். உதட்டைக் கடித்துக்கொண்டார். இரண்டாவது அடி வைத்தார். தோள் குலுங்கியது. பந்தக்காலைப் பிடித்துக்கொண்டு நின்றார், நிற்கிற இடத்தில்தான் மொட்டுகள் நெருக்கமாக இருந்தன. சிரித்துவிட்டார். வாய்விட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணீர் வழிய வழியச் சிரித்தார். தளவாய் பிறந்ததிலிருந்து தன் அம்மா இப்படிச் சிரித்துப் பார்த்ததில்லை. சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று யாருக்கும் தெரியவில்லை.

“எனக்கும் நட்டாவ” என்றார், பந்தக்காலை விடாமல். “நேராத்தான் நட்டாவ. நல்ல நேரம், நல்ல திசை, ஒரு சொட்டுப் பாலு வெளிய சிந்தல. கல்யாணம் முடிஞ்சு அதப் பிடுங்கி எங்க வீட்டுக் கொல்லையில வச்சாவ. தெனமும் தண்ணி ஊத்துனேன். ஒரு கண்ணுகூட முழிக்கல ஆவுடை. பட்டுப்போச்சு. இவன் கைப்பிள்ளையா இருக்கும்போது இவுக அப்பா பஸ் ஏறிப் போனாவ, இன்னும் வரல. நான் எதையோ பாக்காம விட்டுட்டேன்னு நெனச்சு நெனச்சுத்தான், அன்னையிலேருந்து எல்லாத்தையும் பாத்துக்கிட்டே இருக்கேன்.”

மேலே வேர் மேகத்தை உறிஞ்சும் சத்தம் கேட்டது. குருவம்மாள் கண்ணைத் துடைத்தார். சொரிமுத்துவைத் திரும்பிப் பார்த்தார்.

“ஏன் அண்ணாச்சி அப்படி நிக்கிய? துளிர்க்குத கையிய்யா ஒமக்கு” என்றார். பிறகு, “அந்தத் தண்ணியக் கொண்டாங்க” என்றார். மூன்று டம்ளர் குடித்தார்.

கல்யாணம் நடந்தது. எதையும் நிமிர்த்தி வைக்கக் குருவம்மாள் சம்மதிக்கவில்லை, பெண்கள் பட்ட பாடு வீணாகக் கூடாது என்று சொல்லிவிட்டார். தாலி கட்டும் நேரம் மணவறைக்கு அடியில் இருந்த மொட்டெல்லாம் ஒரே சமயத்தில் விரிய, தரை பிளந்து, மணைப்பலகை ஒரு முழம் மேலே போனது. தளவாய் மூன்றாவது முடிச்சை அந்தரத்தில்தான் போட்டான். கீழே சிவப்பாக ஒரு பூக்குழி திறந்து கிடந்தது. அதே நேரம் வேர் பிடியைத் தளர்த்தியிருக்க வேண்டும். மேகம் கயிறறுந்த மாடுபோல ஒரு துள்ளுத் துள்ளி, வைத்திருந்த மழையையெல்லாம் பந்தியில் கொட்டிவிட்டுத் தெற்கே ஓடியது. ரசம் எது மழை எது என்று தெரியாமல் சாப்பிட்டார்கள். நாயனக்காரர் நனைந்துகொண்டே ஊதினார். சொரிமுத்து மறுபடி ஆடினார், ஆனால் இந்தத் தடவை அவர் கையில் யாரும் எதையும் கொடுக்கவில்லை.

பந்தல் பிரிக்கும்போது பந்தக்காலைப் பிடுங்கிப் பெண்ணோடு மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்புவது முறை. பிடுங்கினால் தெருவே கூட வரும்போலிருந்தது. அதனால் ஆவுடையே மண்வெட்டியோடு அந்தப் பூக்குழிக்குள் இறங்கி, தேனீக்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, நல்லதாக ஒரு கிளையைப் பார்த்து வெட்டி எடுத்தாள். மினிபஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு போனாள். தளவாய் ஒவ்வொரு ஸ்டாப்பிலும் தேவையில்லாமல் ஹாரன் அடித்தான்.

மாப்பிள்ளை வீட்டுக் கொல்லையில் குழி தயாராக இருந்தது, பழைய பந்தக்கால் பட்டுப்போன அதே இடம். குருவம்மாள் கம்பை மருமகளிடமிருந்து வாங்கினார். வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

“தழும்பு எது, கண்ணு எது? காட்டு.”

ஆவுடை விரலை வைத்துக் காட்டினாள். “இது அடி அத்த. இது நுனி.”

குருவம்மாள் நுனியை ஒரு தரம் பார்த்தார், அடியை ஒரு தரம் பார்த்தார். கம்பை மெதுவாகத் தலைகீழாகத் திருப்பினார். குழிக்குள் இறக்கி, மண்ணைத் தள்ளி, செருப்பில்லாத காலால் அழுத்தி மிதித்தார்.

“நின்னு பாத்துக்கிட்டே இருந்தா? தண்ணி ஊத்தும்மா” என்றார்.

ஆவுடை செம்பு நிறையத் தண்ணீரை எடுத்துக்கொண்டு, வேர் வரப்போகும் உச்சியை ஒரு தரம் பார்த்துவிட்டு, அந்த வீட்டில் ஏணி எங்கே இருக்கிறது என்று கேட்டாள்.